கலெக்டர் ஆபீஸ் ஆன அரண்மனை

திங்கட்கிழமை காலையில் புதுக்கோட்டை கலெக்டர் அலுவலகத்துக்குப் போனால் மனு நீட்டுகிற கூட்டம் வாசல்வரை நிற்கும். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று ஆளுக்கொரு காகிதம். அவர்கள் நிற்கும் கல் வளைவுகளும் அகன்ற தாழ்வாரமும் மக்கள் குறை கேட்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. தொண்டைமான்களின் புது அரண்மனை இது. 1930 வாக்கில் கட்டி முடித்தபோது, அதில் குடியேற வேண்டிய ராஜாவுக்கு வயது எட்டு.

அந்த எட்டு வயதுப் பையனுக்கு எப்படிப் பட்டம் கிடைத்தது என்பதில்தான் இந்த ராஜ்ஜியத்தின் கடைசிக் கதை இருக்கிறது.

தொண்டைமான் வம்சத்தின் ஆட்சி 1686 வாக்கில் தொடங்கியது. ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதி மணந்த காதலி நாச்சியார், வம்சத்தின் முதல் ராஜா ரகுநாதத் தொண்டைமானின் தங்கை. மைத்துனர் உறவில் வந்த சீமை, பிறகு ஆற்காட்டு நவாபுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் பக்கத்துணையாக நின்று தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. 1799இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த பழி இன்றுவரை அவர்களை விடவில்லை. அந்தப் பழி நியாயமானதுதான். ஆனால் சுற்றியிருந்த பாளையங்கள் எல்லாம் ஜமீன்களாகச் சுருங்கிப்போன பிறகும், இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் சமஸ்தானமாக 1947 வரை நீடித்தது புதுக்கோட்டை ஒன்றுதான். அதற்கும் காரணம் அந்தக் கூட்டுதான்.

வெள்ளைக்காரன் தயவில் நின்ற அரசு என்றாலும் அதற்கென்று சொந்தமாக ஒரு காசு இருந்தது. அம்மன் காசு என்று பெயர். செம்பில் அடித்தது, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்றிருக்கும். ரூபாய்க்கு 320 காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இந்தக் காசையும் கொடுப்பார்கள். 1889 முதல் இது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அச்சாகிக் கப்பலில் வந்தது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ராஜாக்கள் தங்களை ‘பிரகதாம்பாள் தாஸ்’ என்றே எழுதிக்கொண்டார்கள். நாடு அம்மனுடையது, தாங்கள் அவள் அடிமைகள் என்று கணக்கு.

அந்தக் கணக்கில் விழுந்த முதல் கீறல் ஒரு கல்யாணம். 1886இல் பத்து வயதில் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், திவான் சேஷையா சாஸ்திரி நிர்வாகத்தைச் சீர்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் ஆங்கிலக் கல்வியோடு வளர்ந்தவர். ஐரோப்பியப் பயணமும் குதிரைப் பந்தயமும் அவருக்கு உயிர். 1915இல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணைச் சந்தித்து அதே ஆண்டு ஆகஸ்டில் மெல்போர்னில் மணந்தார். மோலியை ராணியாக ஏற்க பிரிட்டிஷ் அரசு மறுத்தது. புதுக்கோட்டைக்கு வந்தவர்களால் ஒரு வருஷம்கூடத் தங்க முடியவில்லை. கர்ப்பமாக இருந்த மோலிக்கு அரளி விஷம் வைக்கப்பட்டதாகப் பேச்சு எழுந்தது. 1916 ஏப்ரலில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஜூலையில் சிட்னியில் பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னிக்குப் பட்டத்து உரிமை இல்லை என்று முடிவானது.

ராஜா அதன்பின் இங்கே வந்து ஆளவில்லை. ரீஜண்ட் ஒருவர் நாட்டைப் பார்த்துக்கொண்டார். 1928 மே மாதம் பாரிஸில் ராஜா இறந்தார், லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. மோலி 1967 வரை வாழ்ந்து பிரான்சின் கான் நகரில் இறந்தார். சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்த 1948 ஒப்பந்தத்தைத்தான் எல்லோரும் முடிவு என்கிறார்கள். என் கணக்கில் வம்சாவழி என்ற நூல் அறுந்தது 1928இல்தான். அப்பன் இறந்தால் மகன் என்ற வரிசை போய், யார் ராஜா என்பதைக் கவர்மெண்ட் தீர்மானித்த ஆண்டு அது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான். சிறுவன் வளரும்வரை நிர்வாகம் அதிகாரிகள் கையில். 1934 முதல் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயர்தான் நடைமுறையில் எல்லாம். ராஜாவுக்கு முழு அதிகாரம் 1944இல்தான் வந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் கரைந்தது. இருபது வருஷம் பட்டத்தில் இருந்தவருக்கு நிஜமாக ஆளக் கிடைத்தது நான்கே வருஷம்.

இணைப்பின்போது அவர் சண்டித்தனம் செய்யவில்லை என்பதை ஊர் இன்னும் நன்றியோடு சொல்லும். 1971இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. புதுக்கோட்டையைத் தனி மாவட்டமாக்கும் பேச்சு வந்தபோது, தலைமையகத்துக்குத் தம் அரண்மனையையே விட்டுக்கொடுத்தார். 1974 ஜனவரி 14, பொங்கலன்று, மாவட்டம் பிறந்தது. கல்யாணமே செய்துகொள்ளாத ராஜகோபாலத் தொண்டைமான் 1997இல் காலமானார். குடும்பத்து மருமகள் சாருபாலா தொண்டைமான் பிறகு திருச்சி மேயரானது வேறு கதை. அது தேர்தலில் நின்று வாங்கிய பதவி.

கல்லாலான புது அரண்மனை பிழைத்துக்கொண்டதற்குக் காரணம் உள்ளே பைல்கள் ஓடிக்கொண்டிருப்பதுதான். கூரை ஒழுகினால் எஸ்டிமேட் போட ஒரு துறை இருக்கிறது. பழைய அரண்மனைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான்கு ராஜ வீதிகளுக்கு நடுவே நகரின் மையத்தில் இருந்தும் பெரும்பகுதி சிதைந்துபோனது. ஆனால் சமஸ்தானத்தின் உயிர்நிலை அங்கேதான் இருந்தது. 1738இல் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரர் விஜயரகுநாதத் தொண்டைமானுக்கு மணலில் விரலால் மந்திரம் எழுதி உபதேசித்தாராம். ராஜா அந்த மணலை அள்ளி எடுத்துவந்தார். அதை அரண்மனைக் கோயிலில் வைத்துப் பரம்பரையாகப் பூஜித்தார்கள். அந்த வளாகத்தைச் சீர்ப்படுத்தி, அம்மன் காசிலிருந்து தர்பார் சாமான்கள்வரை ஒரே இடத்தில் காட்ட ஒரு திட்டம் வேண்டும். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய மியூசியம் இருக்கிறது, அதை நடத்திய அனுபவமும் இருக்கிறது. கேட்பதற்கு மனு எழுதி, திங்கட்கிழமை வரிசையில் நிற்க வேண்டியதுதான்.