இது போதும்மா

புதுப்பேட்டையில் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி, "யாருக்கும்மா வண்டி? அவரையே வரச் சொல்லுங்க" என்பதுதான்.

வண்டி என்னுடையது. பி.எஸ்.ஏ. எம்20, 496 சிசி, ஒற்றை சிலிண்டர். இரண்டாம் உலகப்போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்டதைத் தாத்தா வாங்கினார். அப்பா ஓட்டினார். அப்பா இறந்ததும் அவர் கட்டிய வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டான். "உனக்கு இது போதும்மா" என்று துருப்பிடித்த வண்டியைக் காட்டினார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

ஆறு வருடமாக அதற்கு அசல் பாகங்கள் தேடுகிறேன். நான் கேட்பது அமால் 276 கார்புரேட்டர். கடைக்காரர் எடுத்து வைப்பது டூப்ளிகேட். "ஓடினா சரிதானே, இது போதும்மா." பொறித்த எண்ணைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். போர்க்காலத்தில் பர்மிங்காமில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலையில் பெண்களும் வேலை செய்தார்கள். என் எஞ்சினில் எதை எந்தப் பெண் கடைந்தாளோ, அவள் பெயர் எதிலும் இல்லை.

போன மாதம் அசல் கார்புரேட்டர் கிடைத்தது. மூன்றாவது கிக்கில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் உறைத்தது: கார்புரேட்டருக்கு டூப்ளிகேட் வேண்டாமென்று ஆறு வருடம் நின்றவள், வீட்டுக்குப் பதிலாகக் கொடுத்ததை ஒரே நிமிடத்தில் வாங்கிக்கொண்டேன். உயில் எழுதாத அப்பாவின் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்கிறது 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டம்.

அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அதான் வண்டியைக் கொடுத்தாச்சே?"

"அது வண்டிண்ணா. நான் கேக்கிறது வீடு."