ஒரு கையெழுத்தின் கனம்

எங்கள் மூத்த பெண்ணுக்கு 2023 தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். மேற்படிப்பு படித்துக்கொண்டே பாதி நேரம் வேலை பார்ப்பதாகச் சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். சம்பளம் எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கூச்சம்!

ஊருக்குத் திரும்பியதும் மனைவியை அழைத்துக்கொள்ள அவர் மனுப் போட்டார். அது ஒப்புதலாகி, 2024-ல் ஐ-864 என்றொரு படிவம் வந்து நின்றது. மனைவியைக் காப்பாற்ற எனக்கு வருமானம் இருக்கிறது என்று கணவர் கையெழுத்திட்டு, வருமான வரிக் கணக்கை இணைக்க வேண்டும். அந்த அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வறுமைக் கோட்டுத் தொகையைவிடக் கால் பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு பேருக்கு அந்த ஆண்டு 25,550 டாலர். மாப்பிள்ளையின் கணக்கில் இருந்ததோ 21,400.

"நம்ம பணத்துல பதினேழு லட்சத்துக்கு மேலே ஆச்சே! அது போதாதாமா?" என்றேன்.

"அங்க வீட்டு வாடகையும் டாலர்லதானேம்மா!" என்றாள் பெண்.

குறைகிற தொகைக்குச் சேமிப்பைக் காட்டலாமாம். ஆனால் குடிமகனின் மனைவிக்கு மூன்று மடங்கு காட்ட வேண்டும். 4,150 டாலருக்கு 12,450! படிப்புக்கே கடன் வாங்கியவரிடம் ஏது? என் நகைகளை விற்றுவிடலாம் என்றேன். "சின்னவளுக்கு என்ன செய்வே?" என்று இவர் கேட்டதும் வாயடைத்துப் போனேன்.

இன்னொரு வழி இருந்தது. அங்கேயே வசிக்கும், போதிய வருமானமுள்ள ஒருவர் மாப்பிள்ளையோடு சேர்ந்து பொறுப்பேற்கலாம். அவருடைய சித்தப்பா சம்மதித்தார். ஆனால் சித்தி எனக்குப் போன் செய்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க பொண்ணு இங்க வந்ததும் வேலைக்குப் போவாளா?"

எனக்குச் சுருக்கென்றது. பெண்ணைக் கொடுத்தவர்களிடம் இப்படியா விசாரிப்பது? இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் என் பெண் படிவத்தின் குறிப்புகளைத் தமிழில் படித்துச் சொன்னாள். அவள் வறியவர்களுக்கான அரசு உதவி வாங்க நேர்ந்தால், அந்தப் பணத்தைக் கையெழுத்துப் போட்டவர்களிடம் திருப்பிக் கேட்கலாம். விவாகரத்து ஆனாலும் பொறுப்பு தீராது. அவள் குடியுரிமை பெற்றாலோ, நாற்பது காலாண்டு உழைத்த கணக்குச் சேர்ந்தாலோதான் பெரும்பாலும் விடுதலை.

எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. சிநேகிதருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, மூன்று மா நிலத்தை இழந்தவர் அவர். அன்று அம்மா அடுப்படியில் அழுத அழுகையை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சித்தி கேட்டதும் அதே பயத்தில்தானே!

உடனே நானே அவரைக் கூப்பிட்டேன். பெண் பி.காம். படித்தவள், கணக்கு எழுதத் தெரியும், வேலைக்குப் போக அவளுக்கே ஆசை என்று எல்லாம் சொன்னேன். "நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். முடியாது என்றாலும் வருத்தமில்லை" என்றேன். அவர் குரல் தழுதழுத்தது. மறுவாரம் கையெழுத்து வந்தது.

2025 மார்ச்சில் என் பெண் விமானம் ஏறினாள். இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். "மூணு வருஷம் ஆனதும் குடியுரிமைக்கு மனுப் போடுவேம்மா. கிடைச்சதும் முதல் போன் சித்திக்குத்தான்" என்கிறாள்.

சகோதரிகளே, வெளிநாட்டு வரன் வந்தால் வருமானத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். வரிக் கணக்கையும் பாருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. உங்கள் பெண்ணுக்காக யாராவது கையெழுத்துப் போட்டால், அதன் கனத்தை அவளுக்கு எடுத்துச் சொல்லி அனுப்புங்கள்.