ஏறலாம்... இறங்கக் கூடாது! கல்லட்டி மலைப்பாதை சொல்லித்தரும் கியர் பாடம்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. கூடலூர், தெப்பக்காடு வழியாகச் சுற்றிக்கொண்டு போவது ஒன்று. தலைகுந்தாவில் வலது பக்கம் திரும்பி, கல்லட்டி மலைப்பாதையில் நேராக இறங்குவது மற்றொன்று. இரண்டாவது வழியில் தூரம் பாதிக்கும் குறைவு, சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனால், அதற்குள் 36 கொண்டை ஊசி வளைவுகள்!

2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். அதன்பிறகு வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் இறுகின. மசினகுடியிலிருந்து மேலே ஏற வரும் வெளியூர்க்காரர்களை அனுமதித்தாலும், மேலிருந்து இறங்க வருபவர்களைத் தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது.

அதே சாலை, அதே வளைவுகள், அதே கார். ஏறினால் சரி, இறங்கினால் ஆபத்தா? பலருக்கும் எழும் இந்தக் கேள்விக்கான பதில் காரின் கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது.

14 சுற்று... 3 சுற்று!

மசினகுடி பக்கத்தில் முள்காடும் வெயிலுமாகத் தொடங்குகிறது பாதை. வளைவுகள் ஏற ஏறக் காற்று குளிர்கிறது. கேரட், முட்டைக்கோஸ் தோட்டங்கள் கண்ணில் படும்போது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியிருப்போம். இந்த ஏற்றத்தில் ஐந்தாவது கியர் போட்டால் வண்டி திணறி நின்றுவிடும். முதல் கியருக்கு மாற்றினால் அதே இன்ஜின் சிரமமில்லாமல் ஏற்றிவிடும். எப்படி?

ஒரு சாதாரண சிறிய காரில், முதல் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் சுமார் 14 முறை சுற்ற வேண்டும். ஐந்தாவது கியரில் ஏறக்குறைய மூன்று முறை சுற்றினால் போதும். இதைத்தான் கியர் விகிதம் என்கிறார்கள். முதல் கியரில் 14 சுற்றின் உழைப்பும் ஒரே சுற்றில் சேர்கிறது. வேகம் குறையும், இழுவை கூடும். ஐந்தாவதில் வேகம் கிடைக்கும், இழுவை போய்விடும். கியர் சைக்கிளில் மேட்டில் ஏறும்போது பின்னால் பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாற்றுகிறோமே, அதே கணக்குதான். இரண்டையும் சேர்த்துத் தரும் கியரை இதுவரை யாரும் செய்ததில்லை.

இறக்கத்தில் கணக்கு தலைகீழ்

ஏறும்போது இன்ஜின் சக்கரத்தைச் சுற்றுகிறது. இறங்கும்போது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றியாக வேண்டும். முதல் கியரில் இருந்தால், தான் ஒருமுறை உருள ஒவ்வொரு தடவையும் இன்ஜினை 14 முறை இழுத்துச் சுற்ற வேண்டிய பாரம் சக்கரத்தின் மேல் விழுகிறது. அதனால் வண்டி தானாகவே அடங்கிப் போகும். 'இன்ஜின் பிரேக்கிங்' என்பது இதுதான். ஐந்தாவது கியரில் அந்தப் பாரம் பெயருக்குத்தான் இருக்கும். நியூட்ரலில் அதுவும் இல்லை.

அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும் முழுப் பொறுப்பும் பிரேக் மேல் விழுகிறது. குடும்பத்தோடு சேர்த்து ஒன்றரை டன் எடையுள்ள கார் ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் இரண்டைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதி அத்தனையும் உள்ளங்கை அளவு பிரேக் பேடுகளில்தான் இறங்கும்.

முதலில் கருகிய வாடை வரும். அடுத்து, எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறையும். கடைசியில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழிகள் உருவாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை தாங்கும் டாட்-4 வகை ஆயில், ஈரம் சேர்ந்தபின் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். பல வருடங்களாக ஆயில் மாற்றாத கார், சமவெளியில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடும். அந்தக் குறை தெரியவரும் இடம் கல்லட்டி போன்ற இறக்கம்தான்.

ஏற்றத்தில் தவறான கியர் போட்டால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் தவறான கியர் போட்டால் வண்டி நிற்காது. தலைகுந்தா செக்போஸ்ட்டின் கண்டிப்புக்குப் பின்னால் இருக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

'நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்'

இறக்கத்தில் பலர் செய்யும் தவறு இது. இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். இன்ஜினைச் சக்கரமே சுற்றிக்கொள்கிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் செலவாகும். ஆபத்தும் அதிகம், செலவும் அதிகம்.

'இன்ஜின் இப்படிக் கத்துதே, கெட்டுப்போகாதா?' என்ற பயமும் வேண்டாம். முதல் கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும்போது இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,600 முறை சுற்றும். நெடுஞ்சாலையில் சாதாரணமாகச் சுற்றும் அளவுதான் அது.

மலை இறங்கும் முன்...

* 'எந்த கியரில் ஏறுவாயோ, அதே கியரில் இறங்கு' என்பது மலை டிரைவர்களின் பாடம். இறக்கம் தொடங்கும் முன்பே முதல் அல்லது இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். வேகம் பிடித்தபின் மாற்றுவது கடினம்.

* ஆட்டோமேட்டிக் காரில் 'D'-யிலேயே இறங்காதீர்கள். 'L', '2' அல்லது மேனுவல் மோடுக்கு மாற்றுங்கள்.

* கியர் இல்லாத ஸ்கூட்டர்களில் வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் விலகி, இன்ஜின் பிடிப்பு போய்விடும். வாடகை ஸ்கூட்டரில் செங்குத்தான இறக்கங்களைத் தவிர்ப்பது நல்லது.

* பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள்.

* கருகிய வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரம்கட்டி, தானாகச் சூடு ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் விரிசல் விடலாம்.

* ஏறிவரும் வண்டிக்கு எப்போதும் வழிவிடுங்கள். ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது சிரமம்.

இதே நீலகிரியின் மறுபக்கத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் 1908 முதல் ஊட்டி வரை ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைப் பிடித்தபடி அது ஊர்ந்துதான் ஏறும், ஊர்ந்துதான் இறங்கும். அவசரப்படுவதற்கு அதில் வழியே இல்லை. காரில் வருகிறவர்கள் அந்த நிதானத்தைத் தங்கள் கையால் கியராகப் போட்டுக்கொள்ள வேண்டும்.