கடலோரத்தில் ஓர் உப்புச் சாக்லெட்

கலிஃபோர்னியாவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும் நம்மவர்கள் பலர், கோல்டன் கேட் பாலத்தின் முன்னால் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஒரு நாளைச் சாண்டா குரூஸுக்கு ஒதுக்குங்கள். சான் ஹோசேயிலிருந்து 17ஆம் நெடுஞ்சாலையில் மலையேறி இறங்க வேண்டும். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வளைவுகள் அதிகம் என்பதால், பின்னிருக்கையில் பிள்ளைகள் இருந்தால் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்வது நல்லது.

ஊரின் அடையாளம், 1907ல் திறக்கப்பட்ட கடற்கரைக் கேளிக்கைப் பூங்கா. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஏறும் சவாரிக்கு மட்டும் காசு. 1924ல் கட்டிய ‘ஜயண்ட் டிப்பர்’ மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மரச்சட்டங்கள் கடகடக்கும் சத்தம் கடலோசையை அமுக்கிவிடுகிறது. 1911ல் வந்த குதிரை ராட்டினத்தில் ஏறினால், சுற்றிக்கொண்டே உலோக வளையத்தை எடுத்து, எதிரே வாய் பிளந்து நிற்கும் கோமாளியின் வாய்க்குள் எறியலாம். செந்தோசா கடலை நினைத்துக்கொண்டு தண்ணீரில் காலை வைத்துவிடாதீர்கள். கோடையிலும் ஐஸ்! பக்கத்துக் கடற்பாலத்துக்கு அடியில் கடற்சிங்கங்கள் நாய்க் கூட்டம்போல் குரைத்துக்கொண்டிருக்கும்.

இங்குதான் மரினிஸ் மிட்டாய்க் கடை இருக்கிறது. 1915லிருந்து ஒரே குடும்பத்தின் பெயரில் நடக்கும் கடை. கண்ணாடிப் பெட்டியில் வரிசையாக அடுக்கியிருந்த சாக்லெட் துண்டுகள் நெளிநெளியாக இருந்தன. சாக்லெட்டில் முக்கிய பேக்கன், அதாவது உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி இறைச்சி.

முகம் சுளிக்காதீர்கள். முதலில் நாக்கில் படுவது சாக்லெட்டின் இனிப்புதான். அப்புறம் மொறுமொறுப்பு. கடைசியில்தான் உப்பும் புகை வாசமும் எட்டிப் பார்க்கும். உப்பு கசப்பை அடக்கி இனிப்பைத் தூக்கிக் காட்டும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடும் நம் வீட்டுப் பாட்டிகளுக்கு இது புதிதல்ல. சீனப் புத்தாண்டுக்குப் பக் குவா வாங்க வரிசை நிற்கும் சிங்கப்பூரில் இனிப்பான பன்றி இறைச்சியும் புதிதல்ல.

கடையில் அண்ணன் மகன் கேட்டான்: “அத்தை, பக்கத்து வீட்டு ஃபர்ஹானுக்கும் ஒண்ணு வாங்கலாமா?” அண்ணி குனிந்து அவனிடம் சொன்னார்: “அவங்க வீட்ல பன்றி சாப்பிட மாட்டாங்கடா கண்ணா. மேல பார்த்தா வெறும் சாக்லெட்டுதானே, உள்ள என்ன இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” பிறகு வேறொரு மிட்டாய் அட்டையை எடுத்து, பொருள்பட்டியலைக் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தார்.

ஊர் திரும்பி வீட்டில் செய்யும்போது அந்தப் பேச்சு மனத்தில் இருந்தது. அதனால் நான் துண்டைப் பாதிவரைதான் முக்குகிறேன். மீதிப் பாதியில் இறைச்சி கண்ணுக்குத் தெரியும். அழகுக்கும் குறைவில்லை.

தடிமனான பேக்கன் துண்டுகளைக் கம்பித் தட்டில் பரப்பி, அடியில் அலுமினியத் தாள் விரித்த தட்டை வையுங்கள். 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் 18 முதல் 20 நிமிடம். வளையாமல் மொறுமொறுவென்று ஆனதும், தாளில் ஒற்றி எண்ணெயை எடுத்து, முழுதாக ஆறவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாக்லெட் ஒட்டாது. 60 விழுக்காட்டுக்கு மேல் கொக்கோ உள்ள கறுப்புச் சாக்லெட் 200 கிராம் போதும். மூன்றில் இரு பங்கை, கொதிநீர்மேல் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். கிண்ணத்தின் அடி நீரைத் தொடக் கூடாது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் சாக்லெட் திரிதிரியாகக் கட்டிவிடும். இறக்கிவைத்து, மீதிப் பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறி, 31, 32 டிகிரிக்கு வந்ததும் முக்குங்கள். நம் ஊர் மதிய வெயிலே அந்த அளவு இருப்பதால், குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு செய்வது உத்தமம். மேலே கொஞ்சம் வறுத்த வேர்க்கடலைத் தூள், காய்ந்த மிளகாய்ச் செதில். மிளகாய் என் சேர்க்கை, கலிஃபோர்னியாக்காரர்கள் மன்னிக்கட்டும். பேக்கிங் தாளில் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் 15 நிமிடம். இரண்டு மூன்று நாளில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஹலால் முத்திரையுள்ள வான்கோழி பேக்கனும் பேரங்காடிகளில் கிடைக்கிறது. கொழுப்பு குறைவு என்பதால், எண்ணெய் தடவி வாட்டினால்தான் மொறுமொறுக்கும். ஆனால் பன்றி வறுத்த அதே தட்டில் அதைச் செய்து முஸ்லிம் நண்பரிடம் நீட்டுவது சரியில்லை. வானொலி நிலையத் தோழிக்கு நான் செய்முறையை மட்டும் அனுப்பினேன். அவர் தம் வீட்டில் செய்து, எனக்கும் ஒரு டப்பா கொண்டுவந்தார்.

வெள்ளிக்கிழமை சைவமாக இருக்கும் அம்மாவுக்கு, தேக்காவில் வாங்கிய உப்பு நேந்திரங்காய் வறுவல். கறி தொடாத தனிக் கிண்ணத்தில், முதல் வேலையாக அதைத்தான் முக்குவேன். மூடியில் பெயர் எழுதி மேல்தட்டில் வைத்தாலும், முதலில் காலியாவது அம்மாவின் டப்பாதான்.