பிலிப்புவின் வீட்டு வாசல்



தஞ்சையிலிருந்து திருவாரூருக்குச் சாலைவழியே சென்றிருந்தால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டை அறிவீர்கள். மன்னார்குடிப் பாதை பிரியும் இடமாதலால் அடிக்கடி அடைபடும். காத்திருக்கையில், நம்மோடு முன்பு ஆராதித்த ஒருவர் இவ்வூரில்தானே குடியிருக்கிறார் என்று நினைவு வரும். கேட் திறந்ததும் வண்டி முந்திக்கொள்ளும், நினைவு பின்தங்கிவிடும். நேரமில்லை என்போம். உண்மையில் சில வீடுகளைத் தவிர்ப்பது நேரமின்மையால் அல்ல, பழைய மனத்தாங்கலால்.

பவுலுக்கும் அவசரம் இருந்தது; பெந்தெகொஸ்தே நாளுக்குள் எருசலேமை அடைய விரும்பினார். ஆயினும் அப்போஸ்தலருடைய நடபடிகள் 21-ஐ வாசியுங்கள். தீரு பட்டணத்தில் சீஷரைத் தேடிக் கண்டுபிடித்து 7 நாள் தங்குகிறார். பித்தொலொமாயில் ஒரு நாள். பின்பு செசரியாவில் பிலிப்புவின் வீடு.

இந்தப் பிலிப்பு, ஸ்தேவானோடு பந்தி விசாரிப்புக்குத் தெரிந்துகொள்ளப்பட்ட எழுவரில் ஒருவர். ஸ்தேவான் கல்லெறியுண்டபோது சாட்சிக்காரரின் வஸ்திரங்கள் சவுலின் பாதத்தருகே கிடந்தன. அன்று மூண்ட உபத்திரவத்தினாலேயே பிலிப்பு எருசலேமைவிட்டுச் சமாரியாவுக்குப் போனார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் கழித்து, வாசலில் நிற்பவர் அதே சவுல்.

பிலிப்பு கதவைத் திறந்தார். அவருடைய குமாரத்திகள் நால்வரும் அங்கிருந்தார்கள். அன்றிரவு ஸ்தேவானின் பெயர் பேசப்பட்டதா? உடனிருந்த லூக்கா எழுதவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருக்கிறது. அநேக நாள் தங்கினார்கள் என்று மட்டும் சொல்கிறார்.

சிறிது காலத்தில் பவுல் அதே செசரியாவுக்குக் கைதியாகத் திரும்பி, 2 ஆண்டுகள் காவலில் இருந்தார். அவருடைய மனுஷர் வந்து உதவுவதைத் தடுக்கவேண்டாமென்று தேசாதிபதி பேலிக்ஸ் கட்டளையிட்டிருந்தான். பிலிப்புவின் வீடும் அந்த நகரத்தில்தான் இருந்தது.