அழித்த கையே எழுதட்டும்

எங்கள் ஊர் வேலந்தாவளம். கோவை மாவட்டமும் பாலக்காடு மாவட்டமும் கைகோக்கும் எல்லையூர். பதினான்கு வயதில் ஓரிரவு, தமிழ்ப்பற்று என்று எண்ணிக்கொண்டு, வாயனசாலையின் மலையாளப் பெயர்ப்பலகையில் தார் பூசினேன். விடியுமுன் பிடிபட்டேன்.

"போலீசில் ஒப்படையுங்கள்" என்றனர் சிலர். வாயனசாலையைக் கவனித்து வந்த மாஷ் இசையவில்லை. "அழிச்ச கையே எழுதட்டும்" என்றார்.

மண்ணெண்ணெய் கொண்டு தாரைத் துடைத்தேன். மலையாள எழுத்துக்களை அவரே கற்பித்தார். எழுதி முடித்ததும், "கீழே தமிழிலும் எழுது" என்றார். அப்போதுதான் அழுதேன்.

அமெரிக்காவில், வர்ஜீனியாவின் ஆஷ்பர்ன் என்னும் ஊரில், கறுப்பினப் பிள்ளைகள் முன்பு பயின்ற பழம்பள்ளி ஒன்றுண்டு. 2016இல் சிறுவர் ஐவர் அதன் சுவர்களில் இனவெறிச் சொற்களையும் நாஜிச் சின்னத்தையும் தீட்டினர். 2017இல் நீதிமன்றம் அவர்களுக்கு விதித்தது என்ன தெரியுமா? மாதம் ஒரு நூலாக ஓராண்டு படித்து, கட்டுரை எழுதவேண்டும். யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்தையும் காணவேண்டும்!

நம் நாட்டிலும், 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 18ஆம் பிரிவில், தவறிழைத்த சிறாரைச் சமுதாயப் பணி செய்யப் பணிக்க இடம் தருகிறது.

இதுவும் ஒரு தண்டனையா என்று கேட்பவர் உண்டு. அபராதம் என்றால் என் தந்தை கட்டியிருப்பார். தார் பூசியவன் தார் பூசியவனாகவே வளர்ந்திருப்பேன். பிறர் மொழியை அழித்தவனை அம்மொழியை எழுதவைத்தது எளிய தண்டனையன்று.

இன்று வேதியியல் பயில்கிறேன். கறை போக்கும் திரவங்கள் பல அறிவேன். மாஷ் அறிந்திருந்தது அவற்றினும் பெரிது.