கொடைரோட்டில் வாங்காத சுங்கம்

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் நான்குவழிச் சாலையில், கொடைரோடு சுங்கச்சாவடி வந்ததும் கார்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்கும். பைக்கில் வருகிறவர்கள் மட்டும் ஓரத்து ஒடுக்குப் பாதையில் புகுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இரு சக்கர வண்டிக்கு இங்கே கட்டணம் கிடையாது.

பெயர்தான் சுங்கச்சாவடி. வாங்குவது சாலைக் கட்டணம். அசல் சுங்கம் நாட்டின் எல்லையில் காத்திருக்கிறது. அங்கே பைக்குக்கு ஒடுக்குப் பாதை எதுவும் இல்லை. முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அப்படி ஒரு ராஜா இப்போது எந்த எல்லையிலும் உட்கார்ந்திருக்கவில்லை.

கொடைரோடு, வண்டி மாறுவதற்கென்றே உருவான ஊர். அம்மையநாயக்கனூரில் இருக்கும் ஸ்டேஷனுக்கு, சுமார் 80 கி.மீ. தள்ளி மலைமேல் இருக்கும் கொடைக்கானலின் பெயர். மலைப்பாதை போடுவதற்கு முந்தைய காலத்தில், ரயிலில் இறங்கியவர்கள் இங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து அடிவாரம் போய், அதன்பிறகு நடந்தோ, குதிரையிலோ, ஆள் தூக்கும் நாற்காலியிலோ ஏறினார்கள். இன்றைக்கு பஸ், டாக்ஸி.

வண்டி மாறாமல் போகிறவர்களும் உண்டு. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 இதுதான். பின்சீட்டில் மூட்டை கட்டிய புல்லட்டுகள் சாலையோரக் கடையில் நின்று பன்னீர் திராட்சை வாங்கும். எப்போதாவது அதில் ஒன்று வெளிநாட்டு நம்பர் பிளேட்டோடு இருக்கும். அந்த வண்டி இந்தியாவுக்குள் எப்படி வந்தது? நம்ம ஊர் டி.என். 57 வண்டி அதேபோல வெளியே போக முடியுமா?

முடியும். ஆனால் டி.என். 57 என்பது நமக்குத்தான் அடையாளம். வெளிநாட்டுச் சுங்க அதிகாரி முதலில் குனிந்து பார்ப்பது வண்டியின் கழுத்தை. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில், சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணை. நம்பர் பிளேட்டை அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம். இரும்பில் குத்தியதை அப்படி மாற்ற முடியாது.

இப்போதைய வண்டிகளில் அது 17 எழுத்தும் எண்ணும் கலந்தது. ராயல் என்ஃபீல்டு என்றால் எம்.ஈ.3, டி.வி.எஸ். என்றால் எம்.டி.6, பஜாஜ் என்றால் எம்.டி.2 என்று ஆரம்பிக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, கியூ மூன்றுக்கும் இதில் இடமில்லை. ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடக் கூடாதே! ஆக, வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். ஆர்.சி.யில் அந்த இடத்தில் 'ஓ' என்று அடித்திருந்தால் பிழை. உள்ளூரில் பல வருஷம் யாரும் கவனிக்காத பிழை. எல்லையில் அதே பிழை, 'இது வேறு வண்டி' என்று ஆகிவிடும்.

அப்பா ஓட்டிய பழைய புல்லட்டை வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் கூடுதல். பழைய எண் 17 இலக்கம் இருக்காது. அது தவறில்லை, ஆர்.சி.யில் உள்ளபடி இருந்தால் போதும். பல தடவை பெயின்ட் அடித்ததில் எண் மூடிப்போயிருக்கலாம். அதைச் சுரண்டிப் பார்க்கலாம்; ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் மறுபடி குத்தக் கூடாது. இன்ஜினை மாற்றியிருந்தால் புது இன்ஜின் எண் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். அப்பா இறந்த பிறகும் வண்டி அவர் பெயரிலேயே இருந்தால், படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

மற்றது என்றால் முக்கியமாக 'கார்னே'. வண்டிக்கு எடுக்கும் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுப் பெயர், கொடுப்பது அரசு அல்ல, ஆட்டோமொபைல் சங்கம். மும்பையில் உள்ள மேற்கு இந்திய ஆட்டோமொபைல் சங்கம் பல காலமாகக் கொடுத்துவந்தது. ஒரு வருஷம் செல்லும். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நுழையும்போது ஒரு துண்டைக் கிழித்துக்கொள்வார்கள், வெளியேறும்போது இன்னொன்றை. புத்தகத்தில் மிஞ்சும் துண்டில் இரண்டு முத்திரையும் விழுந்திருக்க வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண், நிறம், மதிப்பு எல்லாம் அதில் உண்டு. காருக்கும் இதே படிவம்தான் என்பதால், ரேடியோ இருக்கிறதா என்று பைக்காரரையும் கேட்கும்!

இதற்குக் காப்புத்தொகை அல்லது வங்கி உத்தரவாதம் தர வேண்டும். போகும் நாடுகளைப் பொறுத்து அது வண்டியின் விலையையே தாண்டுவதும் உண்டு. வெளியேறும் முத்திரையை மறந்துவிட்டு வந்தால், வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாகக் கணக்கு. அந்த நாடு சங்கத்திடம் வரி கேட்கும், சங்கம் உங்கள் பணத்தில் கை வைக்கும். முழுப் பயணத்தில் நஷ்டம் தரக்கூடிய இடம் இதுதான். டயர் பஞ்சருக்குப் பயப்படுகிறவர்கள் இதற்கு இன்னும் கொஞ்சம் பயப்படலாம்.

ஓட்டுகிறவருக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி தனி. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கிடைக்கும், அதுவும் ஒரு வருஷம்தான். வண்டி கடனில் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

2018-ல் ஜெய் பாரதி, பியா பகதூர் உள்ளிட்ட நான்கு பெண்கள் ஹைதராபாத்தில் இருந்து பைக்கில் கிளம்பி மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று சுமார் 17,000 கி.மீ. சுற்றினார்கள். பியா பகதூர் 'ரோடு டு மீகாங்' என்று அதைப் புத்தகமாகவே எழுதினார். இன்று அந்த வழி எளிதல்ல. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மர் நிலவரம் மாறிவிட்டது. மேற்கே அட்டாரி எல்லையை 2025 ஏப்ரலில் இந்தியா மூடியது. எனவே தூர தேசம் போகிற பைக்குகளுக்குக் கப்பலோ விமானமோதான். கொடைரோட்டுக்காரருக்கு முதல் எல்லை சென்னைத் துறைமுகமாகவே இருக்கலாம். கழுத்தைக் குனிந்து பார்ப்பது அங்கேயே ஆரம்பித்துவிடும்.

பக்கத்தில் இருக்கும் இலங்கைக்கு? நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆனால் அது பயணிகள் கப்பல், வண்டி ஏறாது.

கார்னே, காப்புத்தொகை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு நேபாளம் இருக்கிறது. இந்திய வண்டிக்கு எல்லையிலேயே நாள் கணக்கில் பணம் கட்டி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடைரோட்டில் இருந்து இதே 44-ல் வடக்கே திரும்ப வேண்டியதுதான். கிளம்புவதற்கு முன்னால் ஒரு வேலை: சேசிஸ் எண்மேல் வெள்ளைத் தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பிரின்ட் எடுப்பார்களே, அதேபோல. தாளில் வருவதை ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் கண் நன்றாகத் தெரியும் பிள்ளை இருந்தால் அதனிடமே கொடுத்துவிடுங்கள்.